முதல் ஆய்வுக் கட்டுரை: கேள்வியிலிருந்து இதழ் வரை

முதுகலை இரண்டாம் ஆண்டிலோ பிஎச்.டி.யில் சேர்ந்த புதிதிலோ நெறியாளர் ஒருநாள், "ஒரு பேப்பர் எழுதிட்டு வாங்க" என்று சொல்லிவிடுவார். எப்படி எழுதுவது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தர ஆள் கிடைப்பது அரிது. பள்ளிக்கூடத்திலிருந்து நாம் பழகியதெல்லாம், தலைப்புக் கொடுத்தால் அதைப் பற்றித் தெரிந்தவை அனைத்தையும் எழுதிவைக்கும் கட்டுரைதான். அதே பழக்கத்தில் ஆய்வுக் கட்டுரைக்குள் நுழைகிறவர்கள் முப்பது பக்கம் எழுதிவிடுகிறார்கள். நீங்கள் புதிதாகக் கண்டது எது என்று கேட்டால், விரல் வைத்துக் காட்ட அதில் ஒரு வரி இருக்காது.

ஆய்வுக் கட்டுரை என்பது ஒரு கேள்விக்குச் சான்றோடு சொல்லும் பதில். கேள்வி ஒன்றே ஒன்றாக இருக்கவேண்டும். நம் கையில் இருக்கும் நேரத்துக்கும் தரவுக்கும் அடங்கும்படி சிறியதாக இருக்கவேண்டும். இது பிடிபட்டுவிட்டால் மற்றவை எல்லாம் பழகப் பழக வந்துவிடும்.

முதலில் ஒரு கட்டுரையைப் பிரித்துப் பாருங்கள்

எழுத உட்காருவதற்கு முன், உங்கள் துறையில் வெளிவந்த நல்ல கட்டுரை ஒன்றை எடுத்து, எந்தப் பத்தி என்ன வேலை செய்கிறது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே படியுங்கள். எந்தத் துறைக்காரரும் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். சி.வி.ராமனும் கே.எஸ்.கிருஷ்ணனும் சேர்ந்து எழுதி, 1928 மார்ச் 31 தேதியிட்ட 'நேச்சர்' இதழில் வந்த குறிப்பு. பின்னாளில் ராமன் விளைவு என்று பெயர் பெற்ற கண்டுபிடிப்பை உலகுக்குச் சொன்ன எழுத்து அது. 1930இல் ராமனுக்கு நோபல் பரிசு வாங்கித் தந்த ஆராய்ச்சியின் தொடக்கம். அளவில் மிகச் சிறியது.

அதன் முதல் வாக்கியத்திலேயே கேள்வி வந்துவிடுகிறது. எக்ஸ் கதிர்கள் சிதறும்போது அலைநீளம் மாறாத ஒரு வகையும் மாறிய ஒரு வகையும் இருப்பதை இயற்பியலாளர் காம்ப்டன் காட்டியிருந்தார். அப்படியானால் சாதாரண ஒளியிலும் இந்த இரண்டு வகையும் இருக்கவேண்டுமே என்று தொடங்குகிறார்கள். அடுத்து, செய்த முறை: சூரிய ஒளியை 18 செ.மீ. அகலமுள்ள தொலைநோக்கி வில்லையால் குவித்து, இன்னொரு வில்லை வழியாகத் திரவத்துக்குள் செலுத்தினார்கள். நீல ஊதா வடிகட்டி ஒன்று, மஞ்சள் பச்சை வடிகட்டி ஒன்று என இரண்டைப் பயன்படுத்தினார்கள். அடுத்து, கண்டது: சுமார் 60 திரவங்களைச் சோதித்தோம், கூடக்குறைய எல்லாவற்றிலும் இந்த விளைவு, அதாவது அலைநீளம் மாறிய சிதறல், தெரிந்தது. அதற்கு அடுத்ததுதான் நாம் கற்றுக்கொள்ளவேண்டிய இடம். இது வெறும் ஒளிர்வாக இருக்கக்கூடாதா என்று படிப்பவர் கேட்பார் என்பதை அவர்களே முன்கூட்டி எடுத்துக்கொண்டு, ஒளியின் மங்கலான அளவையும் அதன் தளவாக்கத்தையும் (ஒளி அலைகள் ஒரே தளத்தில் அதிர்வது) காட்டி, அது இல்லை என்கிறார்கள்.

கேள்வி, முறை, முடிவு, மாற்று விளக்கத்துக்குப் பதில். சமூகவியல் ஆனாலும் தமிழ் இலக்கியம் ஆனாலும் ஒரு நல்ல கட்டுரைக்குள் இந்த நான்கும் இருக்கும். அறிவியல் இதழ்களில் அறிமுகம், முறையியல், முடிவுகள், விவாதம் என்று தலைப்புப் போட்டே கேட்பார்கள். மொழி, வரலாற்றுத் துறைகளில் தலைப்புகள் வேறாக இருக்கும், வேலை அதேதான்.

தலைப்பைக் கேள்வியாக மாற்றுவது

"தமிழ்நாட்டில் காலை உணவுத் திட்டம்: ஓர் ஆய்வு." இப்படித்தான் பெரும்பாலும் தொடங்குகிறோம். இதில் கேள்வி எங்கே? இப்படி ஒரு தலைப்பை எடுத்தால் 1956இல் காமராஜர் காலத்து மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, அப்புறம் இன்றைய திட்டம் என்று வரலாறு எழுதியே பக்கம் தீர்ந்துவிடும்.

அதைச் சுருக்கிப் பார்ப்போம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25இல்தான் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. அப்படியென்றால் நடுவில் ஏறத்தாழ ஓராண்டு, சில பள்ளிகளில் காலை உணவு இருந்தது, சிலவற்றில் இல்லை. ஆய்வாளருக்கு இது கிடைத்தற்கரிய இடைவெளி. "2022-23ஆம் கல்வியாண்டில், ஒரே ஒன்றியத்துக்குள், திட்டம் வந்த பள்ளிகளில் மாணவர் வருகை, வராத பள்ளிகளோடு ஒப்பிட்டால் மாறியதா?" இது கேள்வி. ஆம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம், எதைச் சொன்னாலும் சான்று கேட்கும்.

கேள்வி சரிதானா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. தரவைத் தொடுவதற்கு முன்பே உங்களால் பதிலை உறுதியாகச் சொல்லிவிட முடிகிறதா? முடிகிறது என்றால் அது ஆய்வுக் கேள்வி இல்லை. "மாணவர்களுக்குக் காலை உணவு அவசியமா?" என்று கேட்டால் இல்லை என்று யார் சொல்லப்போகிறார்கள்?

கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி நெறியாளரிடம் காட்டுங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லாதீர்கள். எழுதிக் கொடுத்தால்தான் "இந்த ஊரையே ஏன் எடுத்தீங்க? வருகைப் பதிவு கிடைக்குமா?" என்று அவர் துளைத்துக் கேட்பார். அந்தத் துளைப்பு இப்போதே நடந்துவிடுவது நல்லது.

தேடுவதும் படிப்பதும்

கேள்வி கிடைத்ததும், அதை ஏற்கெனவே யாராவது கேட்டிருக்கிறார்களா என்று பார்க்கவேண்டும். கூகுள் ஸ்காலரில் தொடங்கலாம். உங்கள் கேள்விக்கு நெருக்கமான ஒரு நல்ல கட்டுரை கிடைத்தால் போதும். அதன் கடைசியில் இருக்கும் துணைநூற்பட்டியல் வழியாகப் பின்னோக்கியும், ஸ்காலரில் அதன் கீழே வரும் 'இதை மேற்கோள் காட்டியவை' என்ற இணைப்பின் வழியாக முன்னோக்கியும் நகரலாம். சொற்களை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருப்பதைவிட இது பன்மடங்கு பலன் தரும்.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் மையமான இன்ஃப்லிப்நெட்டின் சோத்கங்கா தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பணம் கட்டிப் படிக்கவேண்டிய வெளிநாட்டு இதழ்களுக்கு, 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின்கீழ் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களில் படிக்கலாம். உங்கள் கல்லூரி அதில் இருக்கிறதா என்று நூலகரைக் கேளுங்கள். பலர் கேட்பதே இல்லை. தமிழியல் மாணவர்கள் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் விட்டுவிடக்கூடாது. பழைய இதழ்களும் முதற்பதிப்புகளும் அங்கேதான்.

அரசு அறிக்கைகளையும் தேடுங்கள். நம் எடுத்துக்காட்டில், காலை உணவால் வருகை கூடியதா என்று மாநிலத் திட்டக் குழுவே ஆராய்ந்திருக்கிறது. அது தெரியாமல் "இதுவரை யாரும் ஆராயவில்லை" என்று எழுதினால் கட்டுரை அங்கேயே விழுந்துவிடும். தெரிந்திருந்தால், அவர்கள் எந்த மாதத்தை எந்த மாதத்தோடு ஒப்பிட்டார்கள், திட்டம் வராத பள்ளிகளைச் சேர்த்தார்களா என்று பார்த்து, அதற்கு மேல் நீங்கள் என்ன சேர்க்கிறீர்கள் என்று சொல்லலாம்.

கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாகவேண்டும் என்று நினைத்து மலைக்காதீர்கள். சுருக்கம், அட்டவணைகள், முடிவு இவற்றை முதலில் பாருங்கள். உங்களுக்கு வேண்டியது என்று தெரிந்தால் முறையியலை நிதானமாகப் படியுங்கள். படித்ததும் மூன்று வரி எழுதுங்கள்: அவர் கேட்டது என்ன, எதை வைத்துப் பதில் சொன்னார், எனக்கு எங்கே உறுத்துகிறது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சொந்த வாக்கியத்தில் எழுதவேண்டும். அப்படியே நகல் எடுக்கும் வரிகளுக்கு மட்டும் மேற்கோள் குறியும் பக்க எண்ணும் அப்போதே போட்டுவிடுங்கள். பின்னாளில் கருத்துத் திருட்டு என்று மாட்டிக்கொள்பவர்களில் பலர் வேண்டுமென்று திருடியவர்கள் அல்லர். குறிப்பேட்டில் எது தன் வரி, எது பிறர் வரி என்று பிரித்து வைக்காதவர்கள்.

மேற்கோள்களைச் சேர்த்துவைக்க ஸோட்டேரோ என்ற மென்பொருள் இருக்கிறது, இலவசம். முதல் நாளே நிறுவிவிடுங்கள். நூறு மேற்கோள்களைக் கையால் தட்டி, இதழ் மாறியதும் ஏ.பி.ஏ. நடையிலிருந்து எம்.எல்.ஏ. நடைக்கு (இரண்டும் மேற்கோள் எழுதும் முறைகள்) மறுபடி மாற்றும் வேலையை இது நொடியில் செய்துவிடும். இறக்கிய விவரத்தில் ஆண்டு, பெயரின் தலைப்பெழுத்து போன்றவை சரியா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளவேண்டும். தமிழ்ப் பெயர்களில் தலைப்பெழுத்து முன்னே வருவதால் அது அடிக்கடி குழம்பும்.

அனுமதி

மனிதர்களிடம் தரவு திரட்டுவதாக இருந்தால், பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் ஒப்புதல் தேவையா என்பதை முதலிலேயே கேளுங்கள். குழந்தைகள் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். பள்ளிப் பதிவேடுகளைப் பார்க்க பள்ளிக் கல்வித் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். "தலைமையாசிரியர் தெரிந்தவர்தான்" என்பது அனுமதி ஆகாது. தரவை வாங்கி முடித்தபிறகு ஒப்புதலுக்கு விண்ணப்பிக்க வழியில்லை.

எந்த வரிசையில் எழுதுவது

அறிமுகத்தின் முதல் வரியில் மாட்டிக்கொண்டு வாரக்கணக்கில் நிற்பவர்கள் அதிகம். அங்கே தொடங்காதீர்கள்.

அட்டவணைகளையும் படங்களையும் முதலில் போடுங்கள். நம் எடுத்துக்காட்டில் ஒரே ஓர் அட்டவணைதான் கட்டுரையின் முதுகெலும்பு: ஒரு பக்கம் திட்டம் வந்த பள்ளிகள், மறுபக்கம் வராத பள்ளிகள், மேலிருந்து கீழாக மாதவாரியாக வருகை விகிதம். அந்த அட்டவணையை நண்பர் ஒருவரிடம் காட்டி, "இதுல என்ன தெரியுது?" என்று கேளுங்கள். நீங்கள் விளக்காமல் அவருக்கு விளங்கினால் கட்டுரை பாதி முடிந்தது. இலக்கிய மாணவருக்கு அட்டவணைக்குப் பதில், வாதத்துக்கு ஆதாரமாகும் பாடல்களோ பகுதிகளோ எவை என்ற பட்டியல்.

அடுத்து முறையியல். செய்ததை அப்படியே எழுதுவதால் இதுதான் எளிது. எந்த ஒன்றியம், எத்தனை பள்ளிகள், எப்படித் தேர்ந்தெடுத்தோம், எவற்றை ஏன் விட்டோம். உங்களைத் தெரியாத ஒருவர் இதைப் படித்துவிட்டு அதே வேலையை மறுபடி செய்யமுடிய வேண்டும். முதல் கட்டப் பள்ளிகளில் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி, மலைப்பகுதி என எல்லா வகையும் கலந்திருந்தன. ஆகவே மலைப் பள்ளியை நகரப் பள்ளியோடு வைத்து ஒப்பிடாமல், ஒத்த பள்ளிகளை எப்படிச் சேர்த்தீர்கள் என்பதை இங்கே சொல்லியாகவேண்டும். இதழுக்காகக் கட்டுரையைப் படித்து மதிப்பிடும் துறை வல்லுநரான ரிவியூவர் முதலில் தேடுவது இதைத்தான்.

அப்புறம் முடிவுகள்: கண்டதை மட்டும். காரணம், கருத்து, பரிந்துரை எதுவும் வேண்டாம். அவற்றுக்கு விவாதம் இருக்கிறது. விவாதத்தில், உங்கள் முடிவுக்கு வேறு என்னென்ன விளக்கம் இருக்கமுடியும் என்று நீங்களே எடுத்து வைத்துப் பேசுங்கள். வருகை கூடியது உணவினாலா, அந்தப் பள்ளிகளுக்குப் புது ஆசிரியர் வந்ததாலா, அதிகாரிகள் அடிக்கடி வந்து பார்த்ததாலா? ராமனும் கிருஷ்ணனும் செய்தது இதுதான். உங்கள் ஆய்வால் சொல்லமுடியாததையும் சொல்லிவிடுங்கள். ஒரு ஒன்றியத்தின் தரவை வைத்துக்கொண்டு தமிழகம் முழுவதற்கும் தீர்ப்பு எழுதக்கூடாது. "நிரூபிக்கிறது" என்று எழுதத் தோன்றும் ஒவ்வோர் இடத்திலும் "காட்டுகிறது" போதுமா என்று யோசியுங்கள். முக்கால்வாசி இடங்களில் போதும்.

இப்போது அறிமுகத்துக்கு வாருங்கள். நம் ஊர் மாணவர்களின் வரைவுகளில் அடிக்கடி பார்க்கும் தொடக்கம் இப்படி இருக்கும்:

"இன்றைய குழந்தைகளே நாளைய இந்தியாவின் தூண்கள். கல்வி என்பது மனிதனின் மூன்றாவது கண். பசித்த வயிற்றோடு வரும் குழந்தையால் பாடத்தைக் கவனிக்க இயலாது என்பது அனைவரும் அறிந்த உண்மை."

மூன்று வாக்கியம் போய்விட்டது. கட்டுரை எதைப் பற்றி என்று இன்னும் தெரியவில்லை. இதையே இப்படித் தொடங்கலாம்:

"தமிழ்நாட்டில் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அனைத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் திட்டம் இருந்த பள்ளிகளும் இல்லாத பள்ளிகளும் ஒரே ஒன்றியத்துக்குள் அருகருகே இயங்கின. இக்கட்டுரை அவ்விரு வகைப் பள்ளிகளின் மாணவர் வருகையை ஒப்பிடுகிறது."

அலங்காரம் இல்லை. படிப்பவருக்குக் காலம், களம், கேள்வி மூன்றும் கையில் வந்துவிட்டன. இதற்குப் பின் முன்னாய்வுகள். அதில் "முருகன் என்பவர் இப்படிக் கூறுகிறார், செல்வி என்பவர் இப்படிக் கூறுகிறார்" என்று ஆள் ஆளாக வரிசை கட்டாமல், ஒரே கருத்துடையவர்களை ஒன்றாகச் சேர்த்து, எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே முரண்படுகிறார்கள் என்று எழுதுங்கள். முரண்படும் இடத்திலோ யாரும் தொடாத இடத்திலோ உங்கள் கேள்வியைக் கொண்டுவந்து நிறுத்துங்கள்.

சுருக்கமும் தலைப்பும் கடைசியில். சுருக்கத்தில் முடிவைச் சொல்லிவிடவேண்டும். "முடிவுகள் கட்டுரையில் விரிவாக விவாதிக்கப்படுகின்றன" என்ற வரியால் யாருக்கும் பயனில்லை.

பிறர் வரியும் உங்கள் வரியும்

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018இல் கொண்டுவந்த விதிகளின்படி, பிற எழுத்துகளோடு 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. ஆய்வேட்டில் அது 10இலிருந்து 40 சதவீதத்துக்குள் இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்கவேண்டும். 40இலிருந்து 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முறையாகக் குறிப்பிட்ட மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், நன்றியுரை போன்றவை கணக்கில் வராது.

இந்த எண்ணைக் குறைப்பதே வேலை என்று இறங்கிவிடாதீர்கள். சொற்களுக்கு நிகர்ச்சொல் போட்டு மென்பொருளை ஏமாற்றினாலும், பிறர் சிந்தனையைப் பெயர் சொல்லாமல் எடுத்தால் அது திருட்டுதான். ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்த்துத் தமிழில் சொந்தமாகப் போட்டுக்கொள்வதும் அப்படியே. மென்பொருள் பிடிக்காமல் போகலாம், துறையறிந்தவர் பிடித்துவிடுவார். கருத்து யாருடையதோ அவர் பெயரை அந்த வாக்கியத்திலேயே சொல்லிவிடுவதுதான் வழி. அதனால் உங்கள் மதிப்புக் குறையாது, படித்தவர் என்று தெரியும்.

சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: அவை தரும் மேற்கோள்களை மூலத்தைத் திறந்து பார்க்காமல் சேர்க்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர், ஆண்டு, இதழ், பக்க எண் எல்லாவற்றையும் அச்சு அசலாகப் புனைந்து தரும். கருவியை ஆசிரியராகச் சேர்க்க முடியாது என்று பதிப்பு அறநெறிக் குழுவான கோப் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பயன்படுத்தியிருந்தால் எதற்கு என்று குறிப்பிடவேண்டும். உங்கள் இதழின் விதியையும் பாருங்கள்.

இதழைத் தேர்ந்தெடுப்பது

வாட்ஸ்அப்பில் செய்தி வரும்: "மூன்றே நாளில் பிரசுரம், ஐஎஸ்எஸ்என் உண்டு, சான்றிதழ் உண்டு, கட்டணம் இவ்வளவு." ஐஎஸ்எஸ்என் என்பது தொடர் வெளியீட்டுக்குத் தரும் அடையாள எண். தரத்துக்கான முத்திரை கிடையாது. ஒரு கட்டுரையைத் துறை வல்லுநர்கள் இருவர் படித்துக் கருத்துச் சொல்ல மூன்று நாள் எப்படிப் போதும்? 2013இல் 'சயன்ஸ்' இதழுக்காக ஜான் பொஹானன் வேண்டுமென்றே பிழைகள் நிறைந்த போலிக் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பிப் பார்த்தார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. மாணவர்களின் பதற்றத்தை வைத்துப் பணம் பண்ணும் தொழில் இது. உதவித்தொகையில் மாதம் ஓட்டும் ஒரு மாணவி இதில் ஆயிரக்கணக்கில் கட்டுவதைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது.

முன்பு ஏற்கத்தக்க இதழ்களைச் சொல்லும் யுஜிசி கேர் பட்டியல் என்று ஒன்று இருந்தது. 2025இல் யுஜிசி அதைக் கைவிட்டது. இப்போது தரம் பார்க்கும் பொறுப்பு பல்கலைக்கழகத்தின் தலையிலும் உங்கள் தலையிலும்தான். உங்கள் துணைநூற்பட்டியலைத் திறந்து, அதில் எந்த இதழ்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று பாருங்கள். அவைதான் உங்கள் கட்டுரைக்கான வாசகர்கள் இருக்கும் இடம். ஆசிரியர் குழுவில் இருப்பவர்களைத் தேடி, அவர்கள் பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்த இதழின் பெயர் இருக்கிறதா என்று சரிபாருங்கள். பழைய இதழ்களில் இரண்டு கட்டுரையாவது படியுங்கள். நல்ல இதழ்களில் பல, ஆசிரியரிடம் கட்டணமே வாங்குவதில்லை.

ஆய்வேடு கொடுப்பதற்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசியின் 2022 பிஎச்.டி. விதிகள் நீக்கிவிட்டன. ஆனால் பல்கலைக்கழகங்கள் தனியாக விதி வைத்திருக்கக்கூடும் என்பதால் உங்கள் ஆய்வுப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியர் பெயர்களின் வரிசையையும் எழுதத் தொடங்கும்போதே நெறியாளரோடு பேசிவிடுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். கட்டுரை முடிந்தபிறகு பேசினால் இன்னும் சங்கடம்.

ஒரு கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக்கூடாது. ஒன்றிலிருந்து பதில் வந்தபிறகே அடுத்தது. மாதங்கள் ஆகும், அதுவரை அடுத்த கேள்வியில் இறங்குங்கள்.

கமெண்ட்ஸ் வந்தபிறகு

முதல் முறையே "அப்படியே ஏற்கிறோம்" என்று வருவது அபூர்வம். 'பெரிய திருத்தங்கள் தேவை' என்று வந்தால் அது நல்ல செய்தி, கதவு திறந்திருக்கிறது. கடிதத்தைப் படித்த அன்றே பதில் எழுதாதீர்கள். இரண்டு நாள் போகட்டும். பிறகு ஒரு கோப்பில் ஒவ்வொரு கருத்தையும் அப்படியே எடுத்துப்போட்டு, அதன் கீழே என்ன மாற்றினீர்கள், எந்தப் பக்கத்தில் எந்த வரியில் என்று எழுதுங்கள். ஒத்துக்கொள்ளமுடியாத கருத்து என்றால் மரியாதையாக, காரணத்தோடு, சான்றோடு மறுக்கலாம். "ஒப்பீட்டுப் பள்ளிகள் போதாது என்ற கருத்து சரியானது, அதே ஒன்றியத்தில் பதிவேடு கிடைத்த பள்ளிகள் இவை மட்டுமே என்பதை முறையியலில் சேர்த்துள்ளோம்" என்பது நல்ல பதில். ரிவியூவருக்குப் புரியவில்லை என்று தோன்றினால், அந்தப் பத்தி தெளிவாக இல்லை என்று எடுத்துக்கொண்டு திருத்தி எழுதுங்கள்.

ரிஜெக்ட் ஆகிவிட்டால், அதே கோப்பை அன்று இரவே வேறு இதழுக்குத் தட்டிவிடாதீர்கள். வந்த கருத்துகளில் சரியானவற்றைத் திருத்தி, புதிய இதழின் சொல் அளவுக்கும் மேற்கோள் நடைக்கும் மாற்றி, எடிட்டருக்கு உங்கள் கேள்வியையும் முடிவையும் நாலு வரியில் சொல்லும் ஒரு கடிதத்தோடு அனுப்புங்கள். நம் துறைகளில் பலவும் சிறியவை. அந்தக் கட்டுரை முன்பு படித்த அதே ரிவியூவரிடம் மறுபடியும் போய்ச்சேர வாய்ப்பு உண்டு.